மோர் சாப்பாட்டில் சேர்த்தி இல்லையாம்

தோட்டத்து வீட்டு வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தோள்பையோடு அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டித்தடத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு நாளில் கல்யாணம். பந்தல்காரர், மைக் செட்காரர், உறவுக்காரர் என்று எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போன ஒரே ஆள் சமையல்காரன்தான். காங்கேயம் பஸ் நிற்கும் இடம் வரை நடக்க வேண்டும். வைகாசி வெயில். செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. கையில் எடுத்துக்கொண்டேன்.

நோயாளி இருக்கும் வீடுகளுக்குப் பத்தியச் சமையலுக்குப் போகிற புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஏஜென்சிக்காரர் கேட்டார். எனக்கு முழங்கால் போய்விட்டது, இனி அடுப்படியில் நிற்க முடியாது, ஆகவே எழுதுகிறேன். எப்படிச் சமைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே கிடைக்கும். உப்பைக் குறைக்கச் சொன்ன ஒரு வீட்டில் என்ன நடந்தது, நான் ஏன் அந்தத் தடத்தில் செருப்பில்லாமல் நடந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. உக்கடத்தில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், மில் கேண்டீனில் சாம்பார் கிளறினேன். எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. யாரும் துரத்தாத இடத்திலிருந்துகூட நானாகக் கிளம்பிவிடுவேன். கடைசியில் ஒட்டிக்கொண்டது இந்தப் பத்தியச் சமையல்தான். இதிலும் வீடு மாறிக்கொண்டே இருக்கலாம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஐயா. கொப்பரைக் களம் வைத்திருந்தவர். இதயம் தளர்ந்துபோய், கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தார். வீட்டுக்கு அனுப்புகிற நாளில், சமைக்கப்போகிறவன் என்று என்னையும் அங்கே வரச்சொல்லியிருந்தார்கள். டாக்டர் அவருக்குச் சொன்னதை நானும் நின்று கேட்டேன்.

"உங்க தோட்டத்து மோட்டார் பழசாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. கிணத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்?"

"திணறுமுங்க."

"உப்பு செய்யற வேலை அதுதான். உடம்புல தண்ணியப் புடிச்சு நிறுத்தி வெச்சுக்கும். ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகத்துக்கும் வேலை கூடும். தண்ணி மொதல்ல கால்ல எறங்கும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறும். சாம்பார், பலகாரம், எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் தாண்டக்கூடாது."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் அத்தனை பேரும் மறந்தார்கள். மறந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அவரவர் உப்பை உப்பில் சேர்க்கவில்லை. நீங்கள் போகிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இந்துப்பு மலையிலிருந்து வருவதால் அது உப்பில்லையாம். ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதுதானாம், சாப்பிடுவதில்லையாம். அப்பளம் வெறும் காற்றாம். மோர்மிளகாய் காரமாம். பேக்கரி பன்னும் வர்க்கியும் இனிப்புப் பண்டமாம். மகன் குமார் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்து, இனி எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் சில மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் நான் பிரிக்க மாட்டேன் என்று பரணில் வைத்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். குமார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இத்தனை சண்டைக்கும் பலன் இருந்தது. ஐயாவின் கால் வீக்கம் வடிந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலகாணி அடுக்கிச் சாய்ந்து தூங்கியவர் ஒன்றுக்கு வந்தார். தலகாணியைக் கவனியுங்கள். மிஷின் சொல்வதற்கு முன்னால் அது சொல்லிவிடும்.

அப்புறம் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. சொந்தக்காரர் வீடுகளுக்கு ஐயாவும் குமாரும் காரில் போய்ப் பத்திரிகை வைக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் கால் மறுபடி வீங்கியது. தலகாணி இரண்டானது, மூன்றானது. குமாரின் மனைவி கவிதா என் அடுப்படிக்கு வந்து ஒவ்வொரு சட்டியாகத் திறந்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, ருசிக்கோசரம் கடைசில ஒரு சிட்டிகை போட்டர்றீங்களா?"

"நீங்கதான் சாப்பிட்டுப் பாத்தீங்களே அம்மணி."

"பாத்தேன். ஒண்ணுமில்ல. அப்ப மாமாவுக்குக் கால் ஏன் வீங்குது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

நாங்கள் இருவரும் ஐயாவிடம் போய்க் கேட்டோம். போகிற இடத்தில் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று. அவர் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்தார்.

"ஒரு வாய் பலகாரம் தொடலப்பா. எலை போட்டாக் கூட எந்திரிச்சு வந்தர்றேன். கேட்டுக்க குமாரை."

குமாரும் ஆமாம் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

கடைசி நாள் பத்திரிகை வைக்கப் போகும்போது ஐயாவின் கால் செருப்புக்குள் போகவில்லை. படியேறக் கை பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு நாலைந்து வீடுகள். எல்லாவற்றுக்கும் கடைசியாக அவருடைய அண்ணன் பெரியசாமி வீடு.

முறைப்படி பங்காளிக்குத்தான் முதல் பத்திரிகை. ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் தோட்டத்துக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில் சண்டை. யார் எவ்வளவு இடம் விட்டார்கள் என்று கோர்ட்டு வரைக்கும் போய், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதே நின்றுபோயிருந்தது. தடம் இன்னும் பொதுவாகத்தான் கிடக்கிறது. அண்ணன் இல்லாத பந்தலில் பேத்தியைத் தாரை வார்க்க முடியாது என்று ஐயா பிடிவாதமாக இருந்தார். ஆள் விட்டுக் கேட்டதற்குப் பெரியசாமி சொல்லி அனுப்பியிருந்தார்: "வாசல்ல நின்னு பத்திரிகையக் குடுத்துப்போட்டுப் போறதுன்னா வர வேண்டாம். வந்து கை நனைக்கறதுன்னா வரட்டும்."

கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் எதையாவது வாங்கிச் சாப்பிடுவது, குடிப்பது. அது நடந்தால்தான் பகை தீர்ந்ததாகக் கணக்கு.

முதல் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்ததும் காபி வந்தது.

"சக்கரை இருக்குதுங்க, காபி வேண்டாங்க அம்மணி," என்றார் ஐயா.

"அச்சச்சோ. அப்ப மோராச்சும் குடிங்க. இந்த வெயிலுக்கு ஒடம்புக்கு நல்லது."

செம்பு அளவுக்கு ஒரு டம்ளர் வந்தது. கறிவேப்பிலை, பெருங்காயம், கல்லுப்பு. ஐயா கடைசிச் சொட்டு வரை குடித்து, நல்லா இருந்ததுங்க என்றார். அடுத்த வீடு. சக்கரை இருக்குதுங்க. அச்சச்சோ, மோர். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை நாளாக, ஊர் ஊராக, வீடு வீடாக இதுதான் நடந்திருக்கிறது.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஐயா, ஒண்ணுமே சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"ஆமா. சாப்பிடல."

"இது என்னங்க?"

"இது மோரப்பா."

"மோர் சாப்பாட்டுல சேத்தி இல்லீங்களா?"

"அதெப்படிச் சேரும்? அது தண்ணி. தாகத்துக்குக் குடிக்கறது." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார். "பத்திரிகை வெக்கப் போன ஊட்டுல ஒரு வாய் மோருங்கூடக் குடிக்காம வந்தா, நாளைக்கு என்னப்பா பேசுவாங்க?"

குமார் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியபடி, "மோர் ஒடம்புக்கு நல்லதுதானுங்ணா," என்றார். இஞ்சினியரிங் படித்தவர்.

அடுத்த வீட்டில் நான் பின்பக்கமாகப் போய் அடுப்படியில் இருந்தவரிடம் உப்பில்லாமல் மோர் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, உப்பில்லாமக் குடுக்கறதுக்கு இதென்ன எழவு ஊடுங்களா? கல்யாணப் பத்திரிகையக் கையில வாங்கிப்போட்டு அப்படிக் குடுக்கலாமுங்களா?"

டாக்டர் சொன்னதை முழுசாகச் சொன்னேன். பாவம் என்று நெஞ்சில் கை வைத்தார். பாதி உப்புப் போட்டுக் கொண்டு வந்தார்.

பிள்ளைகளே, நீங்கள் அடுப்பைத்தான் பார்த்துக்கொள்வீர்கள். நோயாளி அடுப்படியில் வாழ்வதில்லை, ஊரில் வாழ்கிறார். அவர் வெளியே போய் வருகிற நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காதீர்கள். வாய்க்குள் என்னென்ன போனது என்று கேளுங்கள். காபி, மோர், இளநீர், பன், இருமல் மருந்து என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டது தப்பான கேள்வி, ஆகவே சரியான பதில் வரவில்லை.

மத்தியானம் தாண்டியது. காலையில் ஒரே மூச்சில் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர், இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றார். அப்புறம் இரண்டு வார்த்தைக்கு. சீட்டில் சாயாமல் முன்னால் குனிந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. தடம் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"குமார், நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"அண்ணன்... ஊட்டுக்கு... திருப்பு," என்றார் ஐயா.

"அப்பா, நாளைக்கு வந்துக்கலாம்."

"நாளைக்கு... வந்தா... பயந்துட்டுப் போனான்னு... சொல்லுவான்."

தடத்தின் அந்தக் கோடியில் பெரியசாமி வேட்டியும் தோளில் துண்டுமாக வாசலில் நிற்பது தெரிந்தது. எங்கள் வண்டியை அவர் பார்த்துவிட்டார். இப்போது திரும்பினால் கதை முடிந்தது. குமார் என்னைப் பார்த்தார். நான் திட்டுவதற்கு வாய் திறப்பதற்குள் அவர் அப்பா சொன்ன பக்கம் திருப்பிவிட்டார்.

வாசலில் வண்டி நின்றதும் நான் முதலில் இறங்கி, ஐயா இறங்கவிருந்த கதவை அடைத்து நின்றேன்.

"பெரியய்யா, நீங்க வண்டிக்கு வாங்க. இவரால எறங்க முடியாதுங்க."

"ஏன், எந்தம்பிக்கு எம்பட வாசப்படி ஏற முடியாதாமா?"

"முடியாதுங்க. நெசமாவே முடியாதுங்க."

அவர் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நடந்து வந்தார். அவருக்கு முன்னால் அவர் மனைவி வெள்ளி டம்ளரோடு வந்துவிட்டார். எத்தனையோ வருடமாக அந்தக் கைக்காகக் காத்திருந்த டம்ளர் போல அதைத் துலக்கி வைத்திருந்தார்.

"கொழுந்தனாரே, குடிங்க. மொதல்ல குடிங்க, பத்திரிகையை அப்புறம் எடுங்க."

"குடுங்க... நங்கையா," என்றார் ஐயா. அண்ணியை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மா, உப்புப் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"போடாம? எங்கொழுந்தனாருக்கு எந்தக் காலத்துலயும் தூக்கலாத்தான் வேணும்."

ஐயா டம்ளரை வாங்கிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே வாய்க்குக் கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு டம்ளரைப் பிடுங்கினேன்.

பிடுங்கியாயிற்று. அடுத்து என்ன செய்வது? கீழே கொட்டினால் அந்த வீட்டை அவமதித்தது. திருப்பிக் கொடுத்தால் தம்பி வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். வேறு வழி தோன்றவில்லை. நானே வாய் வைத்து முழுதும் குடித்துவிட்டேன். நல்ல மோர். உப்புத் தூக்கல்தான்.

பெரியசாமியின் மனைவிக்குத்தான் முதலில் குரல் வந்தது.

"சமையக்காரன்... எங்கொழுந்தனாருக்குக் குடுத்தத... வாய வெச்சு..."

பெரியசாமி என் பக்கம் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றேன். அடி விழுந்தாலும் பரவாயில்லை, அவர் தம்பியின் காலைப் பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். பார்த்தார். குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இதென்னடா கண்ணு, பெசஞ்ச மாவாட்டம் அமுங்குது?"

"ஒண்ணுமில்லீங்ணா... பத்திரிகை..."

"பத்திரிகையைக் கொண்டுபோயி அடுப்புல போடு. தள்ளி உக்காரு."

சட்டைகூடப் போடாமல் தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தம்பியின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். குமார் வண்டியை எடுத்தபடி, கோயமுத்தூருக்கே போய்விடலாமா, டாக்டர் அங்கேதானே இருக்கிறார் என்றார். நான் கத்தினேன். காங்கேயம் போ, ஆக்சிஜன் எது பக்கமோ அங்கே போ. இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டும்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டியூட்டி டாக்டர், "இன்னைக்கு என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர். வெறும் மோர்தான்," என்றார் குமார்.

நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீர் பிரிய ஆரம்பித்து, பொழுது சாய்ந்து நான் உள்ளே போனபோது ஐயாவால் முழு வாக்கியம் பேச முடிந்தது. இடுப்பில் செருகியிருந்த கசங்கிப்போன பத்திரிகையை எடுத்து நீட்டினார். "அண்ணா, பேத்தி கல்யாணம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்." பெரியசாமி அதை வாங்கி, வைத்துக்கொள்ளச் சட்டைப் பை இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்திருந்த அவர் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா வீடு திரும்பிய மறுநாள் கவிதா என்னிடம் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஏனுங்ணா, நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியுது. ஆனாப் பெரியத்தை ஊர் பூராச் சொல்லிப்போட்டாங்க. டம்ளரைப் புடுங்கிக் குடிச்ச ஆளு அங்க இருந்தா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேங்கறாங்க. அவங்க வரலீன்னா பெரிய மாமாவும் வரமாட்டாங்க."

"புரியுதுங்க அம்மணி."

பையை எடுத்தேன். வாசல் வரை கூட வந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உப்பில்லாம ரசம் எப்படிங்ணா மாமா குடிக்கற மாதிரி வெப்பீங்க?"

"எறக்கும்போது எலுமிச்சம்பழம். மொளகு சீரகத்தை வறுத்துப் பொடி பண்ணிப் போடுங்க. கொத்தமல்லித் தழையை அள்ளிப் போடுங்க. ஊறுகாய் ஜாடிய எங்கியாச்சும் கண்காணாத எடத்துல வெய்யுங்க." கொஞ்ச தூரம் போய்த் திரும்பிச் சொன்னேன். "மோரும் சாப்பாடுதானுங்க அம்மணி."

அப்படித்தான் நான் அந்தத் தடத்தில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அண்ணன் பந்தலுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மனுஷர் மூச்சுத் திணறத் திணறப் போனார். சமையல்காரன் போனால் அது நடக்கும் என்றால் போக வேண்டியதுதான். நம் வேலையில் சரியாகச் செய்ததற்கே வேலை போவதும் உண்டு. அதற்காக அடுத்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. பெரியசாமி. இந்தத் தடவை சட்டை போட்டிருந்தார்.

"எங்கப்பா போறே?"

"உக்கடம் பக்கம் பாக்கலாமுன்னுங்க. எங்காச்சும் வேலை இருக்கும்."

"எந்தம்பி இன்னைக்கு ஒத்தத் தலகாணில தூங்கறான். போயிப் பாத்துட்டு வாரேன்." அவர் மொபெட்டை அணைத்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரில சும்மா உக்காந்திருக்கறாளேன்னு எம்பட ஊட்டுக்காரிக்கும் பிரசர் பாத்தாங்க. அந்த நர்சம்மா நம்பாம மறுக்காவும் பாத்துச்சு. மாத்திரை குடுத்து, உப்பைப் பாதிக்கு மேல கொறைக்கச் சொல்லிப்போட்டாங்க. நீ நாளைக்குக் காலைல வந்துரு."

"அந்தம்மா நான் கல்யாணத்துல இருக்கக்கூடாதுன்னு சொன்னாங்களாமுங்க."

"கல்யாணத்துலதான இருக்கக்கூடாதுன்னா? எங்கூட்டு அடுப்படியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டா. அதுக்குத்தானப்பா ஆள் வெக்கறேன்."

அன்று காங்கேயம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன், அது எனக்குப் புதிதில்லை. மறுநாள் காலை அதே தடத்தில் திரும்பி நடந்து, இந்தத் தடவை அந்தக் கோடி வீட்டுக்குப் போனேன். பெரியசாமியின் மனைவி அடுப்படியில் மோர் கடைந்துகொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மேடை மேல் வைத்தார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. டாக்டரு சொன்ன மாதிரி கொறச்சுத்தான் போட்டிருக்கறேன்."

குடித்தேன். அன்றைக்குக் குடித்த அதே மோர், ஒரு கல் உப்புகூடக் குறையவில்லை.

உப்பு ஜாடி எங்கேங்க அம்மா என்று கேட்டேன்.

"எந்த ஜாடிங்க?" என்றார்.